கணக்கை விட்டு மரவேலைக்கு வந்து ஒரு வருடம்: எதிர்ப்பதிவு போட முடியாத தொழில்

பேரேடு:

போன வருடம் இதே வாரம் கடைசியாக ஒரு மாதக் கணக்கை முடித்துக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். 16 வருடம் கணக்காளர். வயது 41. இப்போது ஒரு சின்ன மரப்பட்டறையில் வேலை கற்றுக்கொள்கிறேன். என்னையும் சேர்த்து அங்கே நான்கு பேர். அனுபவத்தில் கடைசி நான், வயதில் இரண்டாவது. ஒரு வருடம் ஆனதும் நடந்ததை உட்கார்ந்து எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன். நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இதைக் கேட்கிறவர்கள் எல்லோரும் "பெரிய தைரியம்" என்கிறார்கள். தைரியமெல்லாம் இல்லை, எரிச்சல். ஒவ்வொரு மாதமும் 28ஆம் தேதியிலிருந்து அடுத்த 5ஆம் தேதி வரை ஒரே ஓட்டம். மூச்சு விடுவதற்குள் அடுத்த 28 வந்து நிற்கும். கடைசி இரண்டு வருடத்தில் எனக்குக் கீழே இருந்தவர்கள் மேல் எரிந்து விழுகிறவனாக ஆகிவிட்டேன். அது எனக்கே தெரியாது. நான் உள்ளே நுழைந்ததும் அறையில் பேச்சு நின்றுபோவதை ஒருநாள் கவனித்தேன். மரவேலை மேல் ஆசை இருந்தது உண்மைதான். ஆனால் அந்த ஆசை என்னை இழுத்ததைவிட இந்த அறை என்னைத் தள்ளியதுதான் அதிகம்.

14 மாதச் செலவுக்குப் பணம் சேர்த்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். கணக்குக்காரன் அல்லவா, வாடகை, மருந்து, காப்பீடு, எதிர்பாராத செலவு என்று வரிவரியாக ஒரு தாள் போட்டிருந்தேன். அந்தத் தாள் இன்றுவரை பெரிதாகப் பொய்க்கவில்லை. அதில் எழுதாமல் விட்டதுதான் படுத்தியது.

பட்டறையில் முதல் ஆறு வாரம் எனக்கு இரண்டே வேலை: கூட்டுவது, உளி தீட்டுவது. சாணைக்கல்லில் தண்ணீர் விட்டு, உளியின் சரிவு கல்லில் முழுதாகப் படியும்படி பிடித்து, ஆடாமல் தேய்க்க வேண்டும். சரிவு 25 பாகை, முனையில் மட்டும் 30. கேட்க எளிது. என் மணிக்கட்டு ஒவ்வொரு இழுப்பிலும் இம்மியளவு தூக்கிக்கொள்ளும், சரிவு உருண்டுவிடும். மேஸ்திரி உளியை வாங்கி வெளிச்சத்தில் ஒருமுறை சாய்த்துப் பார்ப்பார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி கல்லின்மேல் வைத்துவிட்டுப் போய்விடுவார். 16 வருடத்தில் என் வேலையை யாரும் அப்படித் திருப்பி வைத்ததில்லை.

மூன்றாம் மாதம் முதல்முறையாக வெட்டக் கொடுத்தார்கள். ஒரு அலமாரியின் இழுப்பறைகளுக்குப் பக்கப் பலகைகள், 12. அளந்தேன், மூலைமட்டம் வைத்துக் கோடு போட்டேன், இரண்டு முறை சரிபார்த்தேன், வெட்டினேன். பன்னிரண்டும் குட்டை. ஒவ்வொன்றும் ஒரே அளவு குட்டை, 3 மில்லிமீட்டர்.

உடனே என் பழைய மூளை விழித்துக்கொண்டது. இருப்பாய்வு (எல்லாக் கணக்கின் பற்றும் வரவும் சமமா என்று பார்க்கும் பட்டியல்) ஒட்டவில்லை என்றால் நாங்கள் முதலில் வித்தியாசத் தொகையைத்தான் பார்ப்போம். அது 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால், எங்கேயோ இரண்டு இலக்கம் இடம் மாறியிருக்கிறது என்று சந்தேகப்படுவோம். 54ஐ 45 என்று எழுதினால் வித்தியாசம் 9. இங்கே பன்னிரண்டிலும் ஒரே வித்தியாசம் என்றால் காரணமும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். அரை மணி நேரத்தில் பிடித்துவிட்டேன். ரம்பத்துக்குத் தடிமன் இருக்கிறது. அது போகிற வழியில் 3 மில்லிமீட்டர் மரம் தூளாகிவிடுகிறது. கோட்டுக்கு வெளியே ஓட்டியிருக்க வேண்டியதை உள்ளே ஓட்டியிருக்கிறேன். கண்டுபிடித்த சந்தோஷத்தில் மேஸ்திரியிடம் ஓடிப்போய் விளக்கினேன். பொறுமையாக முழுதும் கேட்டார். "காரணம் கிடைச்சிருச்சு, சரி. மரம்?" என்றார்.

அன்றிரவு தூக்கமில்லை. லூக்கா பச்சோலி என்ற துறவி, ஒவ்வொரு வரவுசெலவையும் இரண்டு இடத்தில் எழுதும் இரட்டைப் பதிவு முறையை 1494ல் வெனிஸில் அச்சிட்டு வெளியிட்டார். 500 வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. அந்த முறையில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம், தப்பாக ஒரு பதிவு போட்டுவிட்டால் எதிர்ப்பதிவு போட்டு நேராக்கிவிடலாம் என்பதுதான். வெட்டின மரத்துக்கு எதிர்ப்பதிவு கிடையாது.

ஏழாம் மாதம் கையைக் கிழித்துக்கொண்டேன். பலகையை வைஸில் இறுக்காமல் இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் உளியைத் தள்ளினேன். இரண்டு கையும் எப்போதும் உளிமுனைக்குப் பின்னால் இருக்க வேண்டும், முதல் நாளே சொல்லிக்கொடுத்த பாடம். உள்ளங்கையில் மூன்று தையல். அங்கே எனக்குப் பெரியவன் ஒரு 23 வயதுப் பையன், எட்டு வருடமாக இந்த வேலை செய்கிறான். துணியால் கையைச் சுற்றிக்கொண்டே, "அண்ணே, இவ்ளோ அவசரம் யாருக்கு?" என்றான். கேலியாக இல்லை, நிஜமாகவே கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

விண்ணப்பங்களில் "தொழில்" என்று ஒரு கட்டம் வருமே, அதில் ஐந்து மாதம் "கணக்காளர்" என்றே எழுதினேன். அப்புறம் சில மாதம் கோடு போட்டு விட்டேன். இப்போதும் "தச்சர்" என்று எழுதக் கை வருவதில்லை, ஏனென்றால் இன்னும் ஆகவில்லை.

நடுவயதில் தொழில் மாறியவர்கள் இங்கே இருக்கிறீர்களா? ஒன்றில் கெட்டிக்காரராக இருந்துவிட்டு, இன்னொன்றில் ஒன்றும் தெரியாதவராகப் போய் நின்றதை எப்படிச் சமாளித்தீர்கள்? ஆறுதல் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள்.


சும்மா படிப்பவன்:

நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் ஒரு சந்தேகம். கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கும் பாதிப் பேர் காணும் கனவு இந்த மரவேலை. நானே கண்டிருக்கிறேன். வருமானத்தைப் பற்றி மட்டும் யாரும் வாய் திறப்பதில்லை. நீங்களும் 14 மாதம் என்று சொல்லிவிட்டு நழுவிவிட்டீர்கள். 12 மாதம் போய்விட்டதே, இன்னும் இரண்டு மாதத்தில் என்ன செய்யப் போகிறீர்கள்?


பேரேடு:

நியாயமான கேள்வி. பட்டறையில் தருவது பழைய சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் குறைவு. கற்றுக்கொள்பவனுக்கு அதுவே அதிகம். நான் பாழாக்கிய மரத்தை அவர்கள் கழிக்கவில்லை. அதோடு வாரத்தில் இரண்டு மாலை இரண்டு சிறு வியாபாரிகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். ஆக சேமிப்பு நினைத்த வேகத்தில் கரையவில்லை, இன்னும் ஐந்து மாதத்துக்கு வரும்.

வேடிக்கை என்னவென்றால், வாரம் இரண்டு மாலை மட்டும் செய்யும்போது கணக்கு எழுதுவது பிடித்திருக்கிறது. அங்கே மட்டும்தான் எனக்கு எல்லாம் தெரியும்.


விடியல்:

நடப்பதெல்லாம் நன்மைக்கே! மனமிருந்தால் மார்க்கமுண்டு. உங்கள் பயணம் பலருக்கும் ஊக்கம் தரும், வாழ்த்துகள்!


மூன்றாம் ஷிப்ட்:

விடியல், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், "நடப்பதெல்லாம் நன்மைக்கே" என்பதை இந்த ஒரு வருடத்தில் நான் எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று பேரேடுதான் கணக்குப் போட வேண்டும்.

பேரேடு அண்ணன் வேலையை விட்டார். என்னை வேலை விட்டுவிட்டது. இரண்டும் ஒன்றில்லை. அச்சகத்தில் 18 வருடம் இரவுப் பணி, பக்கம் கட்டும் வேலை. ஒருநாள் எங்கள் பிரிவையே மூடிவிட்டார்கள். எழுத்து எங்கே நெருங்குகிறது, எங்கே விலகுகிறது என்று பத்தடி தூரத்திலிருந்து சொல்லும் கண் எனக்கு. இப்போது அதற்கு ஆள் வேண்டாமாம். 14 மாதச் சேமிப்பு இல்லை. தாள் போட நேரமும் இல்லை.

தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்று இரண்டு மருத்துவர்கள் 1967ல் ஒரு பட்டியல் போட்டார்கள். மனிதனை உலுக்கும் 43 நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். வாழ்க்கைத்துணை இறந்தால் 100. அங்கிருந்து இறங்கி வரும். தூக்கம் வராத ஒரு ராத்திரி என் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். வேலை பறிபோனதற்கு 47. வேறு வகை வேலைக்கு மாறியதற்கு 36 (பொருள் கிடங்கில் பெட்டிகளுக்குச் சீட்டு ஒட்டுகிறேன், தற்காலிகம்). பண நிலைமை மாறியதற்கு 38. தூங்கும் நேரம் மாறியதற்கு 16. மொத்தம் 137. 150க்குக் கீழே இருந்தால் உடம்புக்குப் பெரிய ஆபத்தில்லையாம். அதிலும் தேறவில்லை.


சும்மா படிப்பவன்:

வீடு மாறினால் 20 கிடைக்கும். 157 ஆகிவிடும், கவலைப்படாதீர்கள்.


மூன்றாம் ஷிப்ட்:

சிரித்துவிட்டேன். நாசமாய்ப் போங்கள்.


கரும்பலகை:

பேரேடு கேட்டது "எப்படிச் சமாளித்தீர்கள்" என்று. நான் சமாளித்தேனா என்றே தெரியவில்லை. 19 வருடம் பள்ளியில் கணக்கு சொல்லிக்கொடுத்தேன். 44 வயதில் மென்பொருள் சோதனைக்கு வந்தேன், ஒன்றரை வருடம் ஆகிறது.

நீங்கள் உளி தீட்டிய கதையைப் படித்ததும் எனக்கு நினைவு வந்தது முதல் வாரக் கூட்டங்கள். எல்லோரும் பேசுவது எனக்குத் தெரிந்த மொழிதான், ஆனால் ஒரு வாக்கியம்கூடப் புரியவில்லை. வகுப்பில் கடைசி வரிசைப் பிள்ளைகள் முகத்தில் ஒரு பார்வை இருக்கும். புரிந்த மாதிரியும் இருக்காது, புரியாத மாதிரியும் இருக்காது. அதை 19 வருடம் எதிரிலிருந்து பார்த்திருக்கிறேன். அந்தக் கூட்டத்தில் என் முகத்தில் அதே பார்வை இருப்பது எனக்கே தெரிந்தது. "புரியுதா?" என்று எத்தனை பிள்ளைகளைக் கேட்டிருப்பேன், "புரியுது மிஸ்" என்று எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! நானும் அந்தக் கூட்டத்தில் அதையேதான் சொன்னேன்.

மூன்றாம் ஷிப்ட் சாருக்கு ஒன்று. எனக்கு இந்த வேலை எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன், பயன்படலாம். நெருங்கிய நண்பர்கள் அத்தனை பேரிடமும் சொல்லி வைத்தேன், ஒன்றும் வரவில்லை. அவர்கள் எல்லோரும் ஆசிரியர்கள், எனக்குத் தெரிந்த உலகம்தான் அவர்களுக்கும் தெரியும். கடைசியில் ஒரு பயிற்சி முகாமில் இரண்டே முறை பார்த்த ஒருவர் ஆள் எடுக்கிறார்கள் என்று தகவல் அனுப்பினார். இது என் அதிர்ஷ்டம் மட்டுமில்லை என்று பிறகு தெரிந்தது. மார்க் கிரானோவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973லேயே இதை எழுதிவிட்டார். தெரிந்தவர் மூலம் வேலை கிடைத்தவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டிருக்கிறார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் 16.7 சதவீதம்தான். எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் 55.6. மீதி 27.8 சதவீதம் பேர் அரிதாகத்தான் பார்ப்பார்களாம். அரைகுறையாகத் தெரிந்தவர்களிடமும் சொல்லி வையுங்கள். கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். "பழைய அனுபவம் வீண் போகாது" என்று எல்லோரும் சொன்னார்கள். பாதி பொய். 19 வருடத்தில் பெரும்பகுதி இங்கே யாருக்கும் தேவையில்லை. ஒன்றுதான் கூட வந்தது: விடைத்தாள் திருத்தும் கண். பையன் எங்கே தப்புப் பண்ணுவான் என்று விடையைப் பார்க்கும் முன்பே தெரியும். நிரல் எழுதுபவர்களும் அதே மாதிரி இடங்களில்தான் தப்புப் பண்ணுகிறார்கள்: முதல் எண், கடைசி எண், பூஜ்யம்.


நாலாம் வகுப்பு:

பேரேடு, ஒரு சின்னத் திருத்தம். பாடப்புத்தகப்படி எதிர்ப்பதிவு என்றால் ரொக்கத்துக்கும் வங்கிக்கும் இடையே போடுவது. நீங்கள் சொல்வது பிழைத்திருத்தப் பதிவு.


பேரேடு:

சரிதான். எங்கள் அலுவலகத்தில் எல்லாவற்றையும் எதிர்ப்பதிவு என்றே சொல்லிப் பழகிவிட்டோம். தணிக்கைக்கு நீங்கள் வராமல் போனது என் அதிர்ஷ்டம்.


திரும்பியவள்:

பிழைத்திருத்தப் பதிவு என்று பேச்சு வந்துவிட்டது, நானும் சொல்லிவிடுகிறேன். இந்த மாதிரி இழைகளில் என்னைப் போன்றவர்கள் பெரும்பாலும் எழுத மாட்டார்கள்.

நான் ஆய்வகத் தொழில்நுட்பர். 11 வருடம் ரத்த மாதிரிகளோடு. அதை விட்டுவிட்டுப் புகைப்படத்துக்குப் போனேன். ஒன்பது மாதம் தாக்குப்பிடித்தேன். படம் எடுப்பது பிடித்தது. படம் எடுக்க ஆள் பிடிப்பது, விலை பேசுவது, பணத்துக்கு நினைவூட்டுவது, மறுபடி நினைவூட்டுவது, இதெல்லாம் சேர்ந்ததுதான் தொழில் என்று போன பிறகுதான் தெரிந்தது. பத்து நாள் வேலையில் கேமரா கையில் இருந்தது ஒன்றரை நாள். திரும்பி வந்துவிட்டேன்.

திரும்பினால் பழைய இடம் கிடைக்கும் என்று நினைக்காதீர்கள். நான் வேலை சொல்லிக்கொடுத்தவர் இப்போது எனக்கு மேல் அதிகாரி. நல்ல மனுஷி, ஒரு வார்த்தை குத்திப் பேசியதில்லை. எல்லோரும் அவ்வளவு ஜாக்கிரதையாக நடந்துகொள்வதுதான் கஷ்டமாக இருந்தது. மதிய இடைவேளையில் கேமரா என்ற சொல்லே வராமல் பார்த்துக்கொண்டார்கள்.

ஸ்டீவன் லெவிட் என்ற பொருளியலாளரின் ஆய்வு ஒன்று 2021ல் வெளியானது. முடிவெடுக்கத் திணறுகிறவர்கள் இணையத்தில் நாணயம் சுண்டினார்கள், 20,000 தடவைக்கும் மேல். நாணயம் "மாறு" என்றதால் பெரிய விஷயங்களில் மாறியவர்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டபோது மாறாதவர்களைவிடச் சந்தோஷமாக இருந்தார்களாம். என் தம்பி இதை எனக்கு அனுப்பித்தான் என்னைக் கிளப்பிவிட்டான். அது சராசரி. சராசரியில் நானும் ஒரு புள்ளி, கோட்டுக்குக் கீழே.

ஆனாலும் வருத்தப்படுகிறேனா என்றால், இல்லை. கணக்கில் பழைய பதிவை அழிக்க மாட்டீர்கள் அல்லவா? தப்பும் இருக்கும், திருத்தமும் இருக்கும். என் சுயவிவரத்தில் அந்த ஒன்பது மாதத்தை நான் மறைக்கவில்லை. நேர்காணலில் கேட்டார்கள், சொன்னேன்.


பேரேடு:

திரும்பியவள், உங்கள் பதிலை மூன்று முறை படித்தேன். "கேமரா கையில் இருந்தது ஒன்றரை நாள்" என்பதைப் படித்ததும் என் வாரத்தை எண்ணிப் பார்த்தேன். ஆறு நாளில் உளியோ இழைப்புளியோ கையில் இருப்பது இரண்டு நாள் இருக்கும். மீதி சுமப்பது, அடுக்குவது, தேய்ப்பது, பசை காயக் காத்திருப்பது. எனக்கு அந்த மீதியும் பிடித்திருக்கிறது, குறிப்பாகத் தேய்ப்பது. மணல்தாளோடு அரை நாள் யாரும் கூப்பிடாமல் இருக்கலாம். அது இல்லையென்றால் நானும் திரும்பியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.


விடியல்:

மூன்றாம் ஷிப்ட் அவர்களே, நான் எழுதியது உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும். உங்களுக்கு ஏதாவது உருப்படியாகச் சொல்ல முடியுமா என்று யோசித்தேன். ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்ற உளவியலாளர் குழு 1994ல் ஒரு ஆய்வு வெளியிட்டது. வேலை இழந்த 63 பேர். ஒரு பகுதியினரை ஐந்து நாள், தினமும் 20 நிமிடம், வேலை போனதைப் பற்றி மனதில் இருப்பதையெல்லாம் எழுதச் சொன்னார்கள். அவர்களுக்கு மற்றவர்களைவிடச் சீக்கிரம் வேலை கிடைத்தது. கூடுதலாக விண்ணப்பித்ததால் அல்ல. அந்தக் கசப்பு நேர்காணலில் வெளியே தெரியாமல் போனது காரணமாக இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.


மூன்றாம் ஷிப்ட்:

மன்னிப்பெல்லாம் வேண்டாங்க. நான்தான் சிடுசிடுவென்று எழுதிவிட்டேன்.

போன நேர்காணலில் "ஏன் முந்தைய வேலையை விட்டீர்கள்" என்று கேட்டார்கள். ஒரு நிமிடம் பேச வேண்டியதற்கு ஏழெட்டு நிமிடம் பேசினேன். எதிரில் இருந்த பெண் பேனாவைக் கீழே வைத்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. 20 நிமிடம் தாளில் கொட்டியிருந்தால் அங்கே கொட்டியிருக்க மாட்டேனோ என்னவோ. பார்க்கிறேன். கிடங்கில் அட்டைக்குப் பஞ்சமில்லை.


மறுபக்கம்:

மாறியவர்கள் எல்லோரும் பேசிவிட்டீர்கள். மாறியவரோடு குடித்தனம் நடத்துகிறவன் ஒருவனும் பேசட்டுமா?

என் மனைவி இரண்டு வருடம் முன்பு மருத்துவமனை நிர்வாக வேலையை விட்டுவிட்டு மொழிபெயர்ப்புக்கு வந்தார். நான் சம்மதித்தேன், மனசாரத்தான். நன்றாகச் செய்கிறார், பெருமைதான். நண்பர்கள் வந்தால் அவரைச் சுற்றி உட்கார்ந்து கதை கேட்பார்கள்: எப்படித் துணிந்தாய், முதல் வேலை எப்படிக் கிடைத்தது. அந்தக் கதையில் நானும் வருவேன். "இவர் ரொம்ப ஒத்துழைச்சார்" என்று ஒரு வரி.

யாரும் கேட்காதது என்னவென்றால், அந்த இரண்டு வருடமும் எனக்கும் என் வேலை பிடிக்கவில்லை. மேலாளர் மாறினார், பொறுக்க முடியாத ஆள். விட முடியாது. ஒரு வீட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் குதிக்க முடியும், அவர் முதலில் குதித்துவிட்டார். அவர் மேல் கோபமில்லை. ஆனால் "வளர்ச்சி" என்று ஒருவர் சொல்லும்போது, அந்த வீட்டில் மாதாமாதம் சம்பளம் கொண்டுவந்து வைத்தது யார் என்று கேட்கத் தோன்றுகிறது.

பேரேடு, உங்கள் மனைவியைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லையே?


பேரேடு:

இதைப் படித்துவிட்டு இரண்டு நாள் பதில் எழுதவில்லை. அப்புறம் இந்த இழை முழுவதையும் என் மனைவியிடம் படிக்கக் கொடுத்தேன். மரம் குட்டையான இடத்தில் சிரித்தார். உங்கள் பதிலுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "அந்த 14 மாதத் தாளை எடு" என்றார்.

எடுத்துக் கொடுத்தேன். "இதில் என் சம்பளம் எந்த வரியில் இருக்கிறது?"

"இதர வருமானம்" என்ற வரியில் இருந்தது. சேமிப்பு வட்டிக்கு அடுத்து.

16 வருடம் கணக்கெழுதினவனின் தாள் இது. தலைப்பைத் திருத்தி, அதை முதல் வரிக்குக் கொண்டுவந்து, புதுப் பிரதி எடுத்துக் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தார். மேஸ்திரி உளியை வைப்பது போலவே, ஒன்றும் சொல்லாமல் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார்.

வேறு எதுவும் இப்போதைக்குச் சொல்லத் தெரியவில்லை. கேட்டதற்கு நன்றி.


கரும்பலகை:

மறுபக்கம் சார் எழுதியதை என் கணவருக்கும் அனுப்பினேன். "யார் இது, என் தம்பியா?" என்று பதில் வந்தது. இன்று சாயங்காலம் பேச வேண்டியது நிறைய இருக்கிறது.


புதுசு:

எல்லாவற்றையும் படித்தேன். நான் மாறி ஏழு வாரம்தான் ஆகிறது. கேள்வி ஒன்றுதான்: எத்தனை நாளில் பழகும்? 21 நாள் என்கிறார்களே, அது தாண்டிவிட்டது. காலையில் எழும்போது இன்னும் வயிற்றைப் பிசைகிறது.


திரும்பியவள்:

21 நாளை மறந்துவிடுங்கள். லண்டனில் ஃபிலிப்பா லாலி என்பவரும் குழுவினரும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள், 2010ல் வெளிவந்த ஆய்வு. தினமும் ஒரு சின்ன விஷயத்தைச் செய்யச் சொல்லி, அது தன்னால் நடக்க எத்தனை நாள் ஆகிறது என்று கணக்கெடுத்தார்கள். சராசரி 66 நாள். ஆளுக்கு ஆள் 18லிருந்து 254 வரை. அதுவும் ஒரு டம்ளர் தண்ணீர் குடிப்பது போன்ற பழக்கங்களுக்கு. நீங்கள் மாற்றியிருப்பது முழு நாளை. ஏழு வாரத்தில் வயிறு பிசைந்தால் அது வயிற்றின் தப்பில்லை.


பேரேடு:

புதுசு, எனக்குக் காலை வயிறு அடங்க ஏறக்குறைய ஐந்து மாதம் ஆனது. எந்த நாள் அடங்கியது என்று தெரியவில்லை. ஒருநாள் பட்டறைக்குப் போய் வேலையை ஆரம்பித்து ஒரு மணி நேரம் கழித்துத்தான், இன்று பிசையவில்லையே என்று நினைவு வந்தது. நினைத்ததும் கொஞ்சம் பிசைந்தது.


சும்மா படிப்பவன்:

அந்த 12 குட்டைப் பலகையும் என்ன ஆயிற்று? சொல்லாமலே விட்டுவிட்டீர்கள்.


பேரேடு:

மேஸ்திரி எறியவில்லை. பெரிய அலமாரிக்கு வேறு பலகை வெட்டினார்கள். இவற்றை வைத்து, 3 மில்லிமீட்டர் ஆழம் குறைவாக ஒரு சின்ன இழுப்பறைப் பெட்டி செய்யச் சொன்னார், பழகுவதற்கு. ஆறு இழுப்பறை. இப்போது எங்கள் வீட்டில் இருக்கிறது. ஈரமான மாதங்களில் அதில் இரண்டு சிக்கிக்கொள்ளும். மரம் நீளவாக்கில் ஏறக்குறைய மாறவே மாறாது, அகலவாக்கில்தான் ஊதும், சுருங்கும். நான் இடைவெளியே விடாமல் கச்சிதமாகப் பொருத்தியிருக்கிறேன், ஐந்தொகையின் இரண்டு பக்கமும் ஒட்டுகிற மாதிரி.


மூன்றாம் ஷிப்ட்:

அண்ணே, பேச்சோடு பேச்சாக ஒரு உதவி. எங்கள் வீட்டு மேஜையிலும் கீழ் இழுப்பறை ஒரு மாதமாக இறுகிக் கிடக்கிறது. என் சான்றிதழ் எல்லாம் அதற்குள். திங்கட்கிழமை ஒரு நேர்காணல், வடிவமைப்பு வேலை. கரும்பலகை மேடம் சொன்ன மாதிரி, எப்போதோ பார்த்த ஒரு அச்சு மைக்காரர் மூலம் வந்தது. உடைத்துவிடட்டுமா?


பேரேடு:

உடைக்காதீர்கள்! முன்பக்கக் கைப்பிடியைப் பிடித்தும் இழுக்காதீர்கள், முகப்பு கழன்று வந்துவிடும். மேல் இழுப்பறையை முழுதாக வெளியே எடுங்கள். நடுவில் பலகைத் தடுப்பு இல்லையென்றால் அந்த வழியாகக் கையை விட்டு, கீழ் இழுப்பறையின் பின்பலகையை உள்ளிருந்து முன்னால் தள்ளுங்கள். ஒரு மூலை, அப்புறம் மறு மூலை, கொஞ்சம் கொஞ்சமாக. வந்துவிட்டால் இரண்டு பக்க விளிம்பிலும் மெழுகுவர்த்தியை அழுத்தித் தேயுங்கள். இப்போது இழைத்துவிடாதீர்கள். ஈரத்தில் ஊதியிருக்கிறது, இப்போது சீவினால் வெயில் காலத்தில் லொடலொடவென்று ஆடும்.


மூன்றாம் ஷிப்ட்:

வந்துவிட்டது. மெழுகுவர்த்தி இல்லை, சோப்பு தேய்த்திருக்கிறேன். பரவாயில்லையா?


பேரேடு:

பரவாயில்லை. காய்ந்த சோப்புதானே?